ஓடையைக் கண்காணிக்கத் தொடங்குபவர்களுக்கு: கேள்வி எழுதுவது முதல் கல் புரட்டுவது வரை

முதன்முதலாக ஓர் ஓடையைக் கண்காணிக்கும் வேலை என் கைக்கு வந்தபோது, நல்ல மீட்டர் ஒன்று இருந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். மாதம் ஒருமுறை போவேன், பகல் 11 மணிக்குக் கருவியைத் தண்ணீரில் விடுவேன், எண்ணைக் குறித்துக்கொண்டு வந்துவிடுவேன். கரைந்த ஆக்சிஜன் ஒவ்வொரு முறையும் லிட்டருக்கு 8 அல்லது 9 மில்லிகிராம். ஓடை நன்றாக இருக்கிறது என்று அறிக்கையும் எழுதினேன். அப்புறம் ஒரு நாள் விடியற்காலையில் அதே இடத்தில் மீன்கள் செத்து மிதந்தன.

கருவி பொய் சொல்லவில்லை, நான் போன நேரம்தான் தப்பு. அந்த ஓடையில் பாசி மண்டியிருந்தது. வெயில் ஏற ஏறப் பாசி ஆக்சிஜனை வெளியே விடும். இருட்டிய பிறகு அதே பாசி ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். விடிவதற்குச் சற்று முன்புதான் அளவு அடிமட்டத்துக்குப் போகும். அந்த நேரத்தில் நான் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன்.

கல்லுக்கு அடியில் குடியிருக்கும் பூச்சிகளுக்கு அந்த வசதி இல்லை. ராத்திரி ஆக்சிஜன் இறங்கினாலும் அங்கேதான் இருக்க வேண்டும், யாராவது கழிவைத் திறந்துவிட்டாலும் அங்கேதான் இருக்க வேண்டும். தாங்க முடியாதவை காணாமல் போகும், தாங்குகிறவை பெருகும். மீட்டர் அந்த நிமிடத்தைச் சொல்லும், பூச்சி போன சில மாதங்களைச் சொல்லும். அன்றைக்கே நான் நாலு கல்லைப் புரட்டிப் பார்த்திருந்தால் விஷயம் தெரிந்திருக்கும். அதனால் இந்த வழிகாட்டியில் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் கேள்வி, பிறகுதான் கருவி

"ஓடை எப்படி இருக்கிறது?" என்பது கேள்வியே இல்லை. கரையோரம் மரம் நட்டால் கோடையில் தண்ணீர் குளிருமா? பாலம் கட்டும்போது கிளறப்படும் மண் கீழே எவ்வளவு தூரம் போய்ப் படிகிறது? சுத்திகரிப்பு நிலையம் வந்த பிறகு பூச்சி வகைகள் கூடினவா? இப்படி ஒரே வரியில் எழுத முடிகிற கேள்வி வேண்டும். எங்கே அளப்பது, எதை அளப்பது, எத்தனை முறை போவது எல்லாம் அதிலிருந்து தானாக வரும்.

மரம் நடுவது, பாலம் கட்டுவது போன்ற ஒரு திட்டத்துக்காகக் கண்காணிக்கிறீர்கள் என்றால் குறைந்தது மூன்று இடங்கள் வேண்டும். வேலை நடக்கும் இடத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, வேலையே நடக்காத ஆனால் அகலம், அடித்தளம், நிழல் எல்லாம் ஒத்த வேறோர் ஓடையில் ஒன்று. மூன்றாவது இடத்தைத்தான் எல்லோரும் செலவு என்று வெட்டிவிடுவார்கள். நல்ல மழை பெய்த ஆண்டில் எல்லா ஓடைகளுமே தேறிவிடும். ஒப்பிட ஓர் இடம் இல்லையென்றால் மழை செய்த நன்மை திட்டத்தின் கணக்கில் ஏறிவிடும். அதேபோல வேலை தொடங்கும் முன்பே, முடிந்தால் ஓர் ஆண்டு முழுக்க அளந்து வையுங்கள். முந்தைய நிலை தெரியாமல் பிந்தைய நிலையைப் பற்றி என்ன சொல்ல முடியும்?

கீழே உள்ள இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. பக்கவாட்டுக் குழாயில் வரும் கழிவு உடனே ஓடை முழுவதும் கலந்துவிடாது, ஒரு கரையை ஒட்டியே வெகுதூரம் போகும். நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் மீட்டரை எடுத்துக்கொண்டு இடக்கரை, நடு, வலக்கரை என மூன்று இடத்தில் பாருங்கள். மூன்றும் ஒரே எண்ணாக வரும் இடத்தில்தான் நன்றாகக் கலந்திருக்கிறது.

பையில் என்ன இருக்க வேண்டும்

வெப்பமானி, அமில காரத் தன்மையைக் காட்டும் பிஹெச் மீட்டர், மின்கடத்துதிறன் மீட்டர், ஆக்சிஜனுக்கு மீட்டர் அல்லது ரசாயனச் சோதனைப் பெட்டி, கலங்கல் பார்க்கும் குழாய், நைட்ரேட், பாஸ்பேட், அம்மோனியா சோதனைப் பெட்டிகள், அளவு நாடா, கடிகாரம். உயிரினங்களுக்குத் தட்டையான அடிப்பாகம் உள்ள கைவலை, வெள்ளைத் தட்டு இரண்டு, ஐஸ் கட்டி வார்க்கும் அச்சு ஒன்று, பிளாஸ்டிக் கரண்டி, மென்மையான இடுக்கி, 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைக்கண்ணாடி. அப்புறம் பென்சில். பேனா வேண்டாம், நனைந்த தாளில் பேனா மை பரவி நான் ஒரு முழு நாள் வேலையை இழந்திருக்கிறேன்.

தனியாகப் போகாதீர்கள். முழங்காலுக்கு மேல் தண்ணீர் இருந்தால் இறங்காதீர்கள், வேகமாக ஓடினால் அதற்குக் குறைவாக இருந்தாலும் இறங்காதீர்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை கட்டாயம். எலிக்காய்ச்சல் கிருமி காயத்தின் வழியாக உடம்புக்குள் போகும். வேலை முடிந்து சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் சாப்பாடு. ஓடை தனியார் நிலத்திலோ காப்புக்காட்டிலோ இருந்தால் முன்கூட்டியே அனுமதி வாங்கிவிடுங்கள்.

தண்ணீரை அளப்பது

பல இடங்கள் இருந்தால் கீழிருந்து மேலாகப் போக வேண்டும். மேலே இறங்கிக் கலக்கினால் அந்தச் சேறு கீழே உள்ள இடத்துக்கு வந்துவிடும். ஒரே இடத்திலும் இதே ஒழுங்குதான்: முதலில் தண்ணீர் மாதிரி, பிறகு மீட்டர்கள், கடைசியில் பூச்சி.

மாதிரி எடுக்கும்போது நீரோட்டத்தை எதிர்த்து நில்லுங்கள். பாட்டிலை அதே ஓடைத் தண்ணீரால் மூன்று முறை அலசி, அலசிய நீரை உங்கள் முதுகுப்பக்கம் ஊற்றுங்கள். வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து நீரின் நடு ஆழம்வரை இறக்கி, ஓட்டத்துக்கு எதிராகத் திருப்பி நிரப்புங்கள். மேலே மிதக்கும் தூசியும் அடிச்சேறும் இப்படி எடுத்தால் வராது. கிருமிச் சோதனைக்கான பாட்டில் மட்டும் விதிவிலக்கு. அது கிருமி நீக்கியது, அலசக் கூடாது, உள்பக்கம் விரல் படக் கூடாது, கொஞ்சம் காற்றிடம் விட்டு மூடி, ஐஸில் வைத்து, 6 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும்.

வெப்பநிலையை யாரும் மதிப்பதில்லை, ஆனால் மற்ற எல்லாமே அதைத்தான் சார்ந்திருக்கிறது. கடல் மட்டத்தில் 20 டிகிரி செல்சியஸ் நீர் அதிகபட்சம் லிட்டருக்கு 9 மில்லிகிராம் அளவுக்கு ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும். 30 டிகிரியில் அது ஏழரையாகக் குறைந்துவிடும். ஆகவே ஆக்சிஜனை மில்லிகிராமிலும், அந்த வெப்பநிலையில் நீர் பிடிக்கக்கூடிய அதிகபட்சத்தில் எத்தனை விழுக்காடு என்னும் செறிவு விழுக்காட்டிலும் சேர்த்தே எழுதுங்கள். 5 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பல மீன்கள் திணறத் தொடங்கும், 2க்குக் கீழே பெரும்பாலானவை தாக்குப்பிடிக்காது. பிற்பகலில் செறிவு 120, 130 விழுக்காடு என்று வந்தால் மகிழ்ச்சி அடைய வேண்டாம். பாசி அளவுக்கு மிஞ்சி இருக்கிறது என்று பொருள். மறுநாள் விடியலில் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

மீட்டர் இல்லாதவர்களுக்கு ஹங்கேரிய வேதியியலாளர் லாயோஷ் விங்க்லர் 1888இல் வெளியிட்ட முறை இன்னும் இருக்கிறது. மீட்டர் இருப்பவர்களும் ஒருமுறையாவது இதைச் செய்து பாருங்கள். குமிழி இல்லாமல் நிரப்பிய பாட்டிலில் மாங்கனீசு சல்பேட்டையும் காரம் கலந்த அயோடைடையும் விட்டு மூடித் திருப்பினால், உள்ளே பஞ்சு பஞ்சாக ஒரு படிவு இறங்கும். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பு நிறம், அறவே இல்லையென்றால் வெள்ளை. அமிலம் விட்டதும் படிவு கரைந்து நீர் பொன்மஞ்சளாகும். ஆக்சிஜன் கூடக்கூட மஞ்சளும் அடர்த்தியாகும். பிறகு தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். மஞ்சள் வெளிறும்போது கொஞ்சம் ஸ்டார்ச் சேர்த்தால் பளிச்சென்று நீலமாகும், இன்னும் சில சொட்டில் அந்த நீலம் சட்டென்று மறையும். அதுவரை எத்தனை சொட்டு விட்டோம் என்பதுதான் கணக்கு.

பிஹெச் 6.5 முதல் 8.5 வரை இருந்தால் பெரும்பாலான ஓடை உயிர்களுக்குச் சரி. ஒரு புள்ளி மாறுவது சின்ன விஷயம் இல்லை: 7இலிருந்து 6க்கு இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடியிருக்கிறது. ஒவ்வொரு நாளும் கிளம்பும் முன் பிஹெச் 7 உள்ள சரிபார்ப்புக் கரைசலிலும், 4 அல்லது 10 உள்ள கரைசலிலும் மீட்டரைச் சரிபாருங்கள். உணர்முனையைக் காய விடாதீர்கள், காய்ச்சி வடித்த நீரில் ஊறவும் போடாதீர்கள். கூடவே வரும் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் வைத்தால்தான் நெடுநாள் உழைக்கும். அம்மோனியா அளக்கும் நாளில் பிஹெச்சையும் வெப்பத்தையும் மறக்காமல் எழுதுங்கள். இந்த இரண்டும் ஏற ஏற அதே அளவு அம்மோனியா மீனுக்குக் கூடுதல் நஞ்சாகும்.

எனக்குப் பிடித்த கருவி மின்கடத்துதிறன் மீட்டர்தான். நீரில் கரைந்த உப்புகள் எவ்வளவு என்பதைச் சில விநாடிகளில் சொல்லிவிடும். சுண்ணாம்புப் பாறை உள்ள ஊரில் எண் இயல்பாகவே உயரமாக இருக்கும், கருங்கல் பகுதியில் குறைவாக இருக்கும். ஆகவே ஊர் விட்டு ஊர் ஒப்பிட வேண்டாம், அந்த ஓடையின் வழக்கமான எண் என்ன என்று பழகிக்கொள்ளுங்கள். அதிலிருந்து திடீரென ஏறினால் ஏதோ ஒன்று உள்ளே வருகிறது.

கலங்கலுக்கு ஒளி ஊடுருவும் நீளக் குழாய் போதும். நிழலில் நின்று, அடியில் உள்ள கறுப்பு வெள்ளைக் குறி தெரியும்வரை நீரை மெல்ல வெளியேற்றி, மிச்சமிருக்கும் உயரத்தைப் படியுங்கள். குளிர்கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள். நைட்ரேட், பாஸ்பேட் பெட்டிகளில் நிறம் ஒப்பிடும்போது காத்திருக்கச் சொன்ன நிமிடத்தைக் கடிகாரம் பார்த்தே காத்திருங்கள்.

நீரோட்டத்தின் அளவையும் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் எண்கள் ஏறினது கழிவாலா, தண்ணீர் வற்றியதாலா என்று பிரிக்க முடியாது. 10 மீட்டர் நேரான பகுதியில் ஓர் ஆரஞ்சுப் பழத்தை மிதக்க விட்டு நேரம் பாருங்கள். ஆரஞ்சு பெரும்பாகம் மூழ்கியே மிதப்பதால் காற்று அவ்வளவாகத் தள்ளாது. மூன்று முறை விட்டுச் சராசரி எடுங்கள். மேற்பரப்பு எப்போதும் வேகமாகப் போகும், எனவே வேகத்தை 0.85ஆல் பெருக்கி, பிறகு அகலத்தாலும் சராசரி ஆழத்தாலும் பெருக்குங்கள். 10 மீட்டரை 25 விநாடியில் கடந்தால் வேகம் விநாடிக்கு 0.4 மீட்டர், திருத்திய பின் 0.34. அகலம் 3 மீட்டர், ஆழம் 0.2 மீட்டர் என்றால் விநாடிக்குச் சுமார் 200 லிட்டர்.

கல்லைப் புரட்டுவது

ஆழம் குறைந்து, கற்களுக்கு மேல் தண்ணீர் சலசலத்து ஓடும் இடத்தைத் தேடுங்கள். அங்கேதான் ஆக்சிஜனும் இடுக்குகளும் அதிகம், பூச்சியும் அதிகம். வலையின் தட்டையான பக்கத்தைத் தரையில் அழுத்திப் பிடித்து, வலைக்கு மேல்பக்கமாக நின்று, குதிகாலால் கற்களையும் மணலையும் கிளறுங்கள். பிடி விட்ட உயிர்கள் ஓட்டத்தோடு வலைக்குள் வரும். மொத்தம் 3 நிமிடம். அதை ஒரே இடத்தில் செலவழிக்காமல் சலசலப்பு, மடு, வேர்ப்பகுதி, இலைக்குவியல் என்று அவை எவ்வளவு பரப்பில் இருக்கின்றனவோ அந்த விகிதத்தில் பிரித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு நிமிடம் பெரிய கற்களைக் கையால் எடுத்துப் பாருங்கள். எடுத்த கல்லை எந்தப் பக்கம் கீழே இருந்ததோ அதே பக்கம் கீழே வரும்படி வையுங்கள், அடியில் முட்டை இருக்கலாம். வலைக்கண் அரை மில்லிமீட்டரோ ஒரு மில்லிமீட்டரோ, தொடங்கியதையே கடைசிவரை பயன்படுத்துங்கள். பாதியில் வலையை மாற்றினால் முன்பு எடுத்த கணக்கோடு ஒப்பிட முடியாது.

வலையில் வந்ததை ஓடைத் தண்ணீர் ஊற்றிய வெள்ளைத் தட்டில் கவிழ்த்துவிட்டு ஒரு நிமிடம் சும்மா இருங்கள். இதுதான் எனக்கு எப்போதும் பிடித்த நிமிடம். முதலில் மணலும் சருகும் தவிர ஒன்றும் தெரியாது. அப்புறம் ஒரு சருகு நடக்கும். குச்சி என்று நினைத்தது தலையை நீட்டும். கல்லோடு ஒட்டிய கறை போல இருந்த ஒன்று நண்டு மாதிரிப் பக்கவாட்டில் வழுக்கி ஓடும்.

பக்கவாட்டில் ஓடுவது பெரும்பாலும் மேஃப்ளை என்ற பூச்சியின் தட்டை உடல் இளம்பருவம். மேஃப்ளைக்கு வயிற்றின் இருபக்கமும் சின்ன இலைகள் போலச் செவுள்கள் துடித்துக்கொண்டிருக்கும், வால் பொதுவாக மூன்று. ஸ்டோன்ஃப்ளை என்ற இன்னொரு பூச்சியின் இளம்பருவத்துக்கு வால் இரண்டு, காலின் நுனியில் இரண்டு நகம், வயிற்றோரம் அந்த இலைச்செவுள் இருக்காது. புதியவர்கள் வாலை மட்டும் எண்ணி ஏமாறுவார்கள். இரண்டே வால் உள்ள மேஃப்ளைகளும் உண்டு, பிடிக்கும்போது வால் ஒடிந்து போனவையும் உண்டு. கைக்கண்ணாடியில் செவுளையும் நகத்தையும் பாருங்கள். தலை நீட்டிய குச்சி, கேடிஸ்ஃப்ளை என்ற பூச்சியின் புழு. மணலையோ இலைத்துணுக்கையோ வாயிலிருந்து சுரக்கும் பட்டு நூலால் ஒட்டித் தனக்குக் கூடு கட்டிக்கொண்டிருக்கும். சில வகைகள் கூடு கட்டாமல் கல்லிடுக்கில் வலை பின்னி, மிதந்து வருவதைப் பிடித்துத் தின்னும்.

இந்த மூன்றும் பொதுவாகச் சுத்தமான, ஆக்சிஜன் நிறைந்த நீரை விரும்புகிறவை. இவற்றில் எத்தனை வகை இருக்கிறது என்பதே ஒரு நல்ல அளவுகோல். மறுபக்கத்தில் ரத்தச் சிவப்பாக நெளியும் கைரோனோமஸ் புழுவும் (கொசு போன்ற, கடிக்காத ஒரு பூச்சியின் புழு), மண்புழு இனத்தைச் சேர்ந்த டியூபிஃபெக்ஸ் புழுவும். நம் ரத்தத்தில் இருப்பது போன்ற ஹீமோகுளோபின் இருப்பதால்தான் அந்தச் சிவப்பு, ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் அவை பிழைக்கின்றன. நல்ல ஓடையிலும் நாலைந்து சிவப்புப் புழு இருக்கும், அதற்காகப் பதற வேண்டாம். அவை மட்டுமே மிஞ்சியிருந்தால்தான் பிரச்சினை.

இன்னொன்றும் கவனியுங்கள். நீர்வண்டு, கொசுப்புழு, தண்ணீர் மேல் சறுக்கும் பூச்சி போன்றவை மேலே வந்து காற்றைச் சுவாசிப்பவை. நீரில் ஆக்சிஜன் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, அவற்றுக்குக் கவலை இல்லை. அவை நிறைய இருப்பதை வைத்து ஓடை நலம் என்று எழுதிவிடாதீர்கள். ஸ்டோன்ஃப்ளை இல்லையே என்பதால் மட்டும் மாசு என்றும் எழுத வேண்டாம், வெதுவெதுப்பான சமவெளி ஓடைகளில் அது இயல்பாகவே அரிது.

ஐஸ் அச்சின் குழிகளில் வகைக்கு ஒன்றாகப் பிரித்து வைத்து, படம் எடுத்து, பெயர் கண்டுபிடித்த பிறகு பிடித்த இடத்திலேயே விட்டுவிடலாம். அடையாளம் தெரியாததை மட்டும் 70 விழுக்காடு எத்தனாலில் போட்டு, இடமும் தேதியும் பென்சிலால் எழுதிய சீட்டைக் குப்பிக்கு உள்ளேயே போடுங்கள். வெளியே ஒட்டினால் ஒரு நாள் உதிர்ந்துவிடும்.

மீன் பிடித்துக் கணக்கெடுப்பது பயிற்சியும் அனுமதியும் பெற்றவர்களின் வேலை, கரையிலிருந்து பார்த்ததை எழுதுங்கள். கல்லின் மேல்பரப்பைப் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து டயட்டம் என்னும் நுண்பாசியை எடுக்கலாம், ஆனால் நுண்ணோக்கியும் பெயர் தெரிந்தவரும் வேண்டும்.

மதிப்பெண் போடுவது

பூச்சிக் குடும்பங்களுக்கு மதிப்பெண் தரும் முறைகள் பல உண்டு. பிரிட்டனில் 1970களின் இறுதியில் உருவான பிஎம்டபிள்யூபி (உயிரியல் கண்காணிப்புப் பணிக்குழு) முறையில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண், மாசைத் தாங்காத குடும்பத்துக்கு அதிகம், தாங்கும் குடும்பத்துக்குக் குறைவு. ஒரு குடும்பத்தில் ஒன்று இருந்தாலும் நூறு இருந்தாலும் மதிப்பெண் மாறாது. கல்லோடு ஒட்டும் தட்டை மேஃப்ளைக் குடும்பம் 10, கோம்ஃபிடே குடும்பத்துத் தும்பி 8, வலை பின்னும் கேடிஸ்ஃப்ளை 5, பீட்டிடே குடும்பத்து மேஃப்ளை 4, அட்டை 3, கைரோனோமஸ் புழுவின் குடும்பமான கைரோனோமிடே 2. இந்த ஆறும் கிடைத்தால் மொத்தம் 32, ஆறால் வகுத்தால் சராசரி 5.3. கழிவு கலக்கும் இடத்துக்குக் கீழே அட்டை, கைரோனோமிடே, 1 மதிப்பெண் வாங்கும் டியூபிஃபெக்ஸ் வகைப் புழு மட்டும் கிடைத்தால் மொத்தம் 6, சராசரி 2.

சராசரியைத்தான் நான் அதிகம் நம்புவேன். கூடுதல் நேரம் தேடினால் மொத்தம் ஏறிக்கொண்டே போகும், சராசரி அவ்வளவு ஆடாது. தென்னாப்பிரிக்காவின் சாஸ் (தென்னாப்பிரிக்க மதிப்பெண் முறை) போல வேறு நாடுகள் தங்கள் பூச்சிகளுக்கேற்ற பட்டியல் வைத்திருக்கின்றன. உங்கள் பகுதிக்கென்று ஒன்று இருந்தால் அதையே எடுங்கள். எதை எடுத்தாலும் ஆண்டுக்கு இரண்டு முறை, ஒவ்வோர் ஆண்டும் அதே பருவத்தில் செய்யுங்கள். வெள்ளம் வந்து சில வாரங்கள் ஆகாமல் செய்யாதீர்கள், வெள்ளம் பூச்சிகளை அடித்துக்கொண்டு போயிருக்கும். நீர் அளவீட்டை மாதம் ஒருமுறை செய்தால் போதும், முடிந்தால் மழை தொடங்கிய முதல் மணி நேரத்தில் ஒருமுறை. சாலை, வயல், சாக்கடை எல்லாவற்றின் அழுக்கும் அப்போதுதான் ஒன்றாக வரும்.

குறிப்பேடும் துப்புரவும்

தேதி, நேரம், இடம், அளந்தவர் பெயர், கடந்த இரண்டு நாள் மழை, அலகு. அலகில்லாத எண்ணால் பயனில்லை. கண்டுபிடிக்க முடியாத அளவு குறைவாக இருந்தால் பூஜ்யம் என்று எழுதாமல் "கருவியின் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே" என்று எழுதுங்கள். பத்தில் ஒரு முறை ஒரே இடத்தில் இரண்டு மாதிரி எடுத்துச் சோதியுங்கள். காய்ச்சி வடித்த நீரையும் அவ்வப்போது சோதனைப் பெட்டியில் விட்டுப் பாருங்கள். ஒருமுறை அதிலேயே பாஸ்பேட் வந்தது. விசாரித்தால், பாட்டில்களைச் சலவைத்தூள் போட்டுக் கழுவியிருந்தார்கள்.

வலை, காலணி, தட்டு எல்லாவற்றையும் கழுவி, அடுத்த ஓடைக்குப் போகும் முன் முழுக்கக் காயவையுங்கள். ஈரமான வலையில் அயல் நத்தைகளும் தவளைகளைக் கொல்லும் கிட்ரிட் பூஞ்சையும் பயணம் செய்யும்.

எண் திடீரென்று கெட்டால்

முதலில் மீட்டரைச் சந்தேகப்படுங்கள். சரிபார்ப்புக் கரைசலில் விட்டுப் பார்த்து, மறுபடி அளங்கள். அப்போதும் அதே எண் வந்தால் மின்கடத்துதிறன் மீட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு, இருவராக, நீரோட்டத்துக்கு எதிராக மேலே நடங்கள். ஐம்பது ஐம்பது மீட்டருக்கு ஒருமுறை அளங்கள். நான் இப்படி நடந்த ஒரு நாளில் 920, 915, 930 என்று வந்துகொண்டே இருந்தது, ஒரு வளைவு தாண்டியதும் 310. திரும்பி வளைவுக்கு வந்து புதரை விலக்கினோம், மணிக்கட்டு அகலத்தில் ஒரு குழாய். யார் வீட்டுக் குழாய் என்று அங்கேயே சண்டைக்குப் போக வேண்டாம். குழாய்க்கு மேலே ஒரு பாட்டில், கீழே ஒரு பாட்டில், குழாய் வாயில் ஒன்று, நேரம் தெரியும் புகைப்படம், இவற்றை அன்றைக்கே மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் கொடுத்து, ரசீது வாங்கிக்கொண்டு, மறுநாள் விடியலில் மறுபடி அளக்கப் போங்கள்.